பெருங்குழலும் சிறுசக்கரமும்



வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை போர்களும் முடிசூட்டு விழாக்களும் உடன்படிக்கைகளுமே. இசையின் வரலாறு என்றாலோ, பெரிய வித்துவான்களும் அவர்கள் இயற்றிய உருப்படிகளும் கண்முன் வந்து நிற்பார்கள். ஓர் இசைக்கருவியை அது ஒலிக்க வேண்டிய இடத்துக்கு யார் சுமந்து சென்றார், எப்படிச் சுமந்து சென்றார் என்று கேட்பவர் மிகச் சிலர். இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்டது அந்தக் கேள்விதான். மேலைநாட்டுப் பித்தளைக் குழல்களுள் மிகப் பெரியதான டியூபாவையும், அதைச் சுமக்க மனிதன் கண்ட வழிகளையும், அவற்றுள் கடைசியாக வந்த சக்கரம் பொருத்திய உறைப்பையையும் பற்றிச் சில செய்திகள் சொல்லலாம் என்று கருதுகிறேன்.

உறைப்பை ஒரு சிறு பொருள். அதற்கும் ஒரு வரலாறா என்று நீங்கள் நகைக்கலாம். ஆனால் ஒரு கருவியின் உருவத்தை அதன் நாதம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதைத் தூக்கும் தோளும் தீர்மானிக்கிறது. அந்தக் கருவியை எவர் கற்கலாம், எவர் கற்க இயலாது என்பதையும் அந்தத் தோளே பல காலம் தீர்மானித்து வந்தது. இதுவே இன்று நான் நிறுவ விரும்பும் கருத்து.

முதலில், அந்தக் குழல் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம். குழலுக்குள் இருக்கும் காற்றுத் தம்பம் அதிர்வதால் ஒலி பிறக்கிறது என்பதை நீங்கள் பௌதிகப் பாடத்தில் படித்திருப்பீர்கள். குழல் நீள நீள ஒலி தாழ்கிறது. நீளத்தை இரட்டித்தால் ஒலி ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். சாதாரண டிரம்பெட்டின் குழலை நிமிர்த்தி அளந்தால் ஏறத்தாழ நாலரை அடி வரும். டிராம்போனின் குழல் அதைப்போல் இரு மடங்கு, ஏறத்தாழ 9 அடி. பெரிய டியூபாவின் குழல் அதிலும் இரு மடங்கு, ஏறத்தாழ 18 அடி. மூன்று ஆள் உயரமுள்ள பித்தளைக் குழாயை ஒரு மனிதன் மடியில் வைத்து ஊத வேண்டுமானால் அதைப் பலமுறை மடித்துச் சுருட்டத்தான் வேண்டும். நீளம் மட்டும் போதாது. தாழ்ந்த சுருதி நிறைந்து ஒலிக்கக் குழல் வரவர அகன்று செல்லவும் வேண்டும். ஆகவே, நாகஸ்வரத்தில் அணசு என்று நாம் சொல்லும் விரிந்த வாய்ப்பகுதி, டியூபாவில் ஓர் அண்டாவின் வாய்போல் ஆகிவிடுகிறது. இவ்வாறு அமைந்த கருவி 10 முதல் 15 கிலோ வரை எடையுள்ளதாக இருக்கும். இது உலோகத்தின் எடை மட்டுமே. பெட்டியின் எடையை நாம் இன்னும் சேர்க்கவில்லை.

இயற்கையின் விதி குழலைப் பெரிதாக்கு என்கிறது. மனிதனின் முதுகெலும்போ சிறிதாக்கு என்கிறது. இந்த இரண்டு கட்டளைகளுக்கும் இடையே நடந்த வழக்குத்தான் பெருங்குழலின் வரலாறு.

அந்த வழக்கின் தொடக்கத்தைப் பிரான்சு நாட்டுத் தேவாலயங்களில் காண்கிறோம். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில், 1590-ஐ ஒட்டி, ஒஸேர் நகரத்தில் எட்மே கியோம் என்ற குருவானவர் செர்பெண்ட் என்னும் கருவியை அமைத்தார் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். செர்பெண்ட் என்றால் பாம்பு. ஏறத்தாழ 8 அடி நீளமுள்ள மரக்குழலைப் பாம்பு நெளிவதுபோல் வளைத்து, மேலே தோல் போர்த்தியிருந்தார்கள். அந்த நெளிவு அழகுக்காக ஏற்பட்டதன்று. நேராக விட்டால் துளைகளை விரல்கள் எட்டா. கருவியையும் கையில் ஏந்த முடியாது. நெளித்ததனால் இரண்டும் கைகூடின. தேவாலயத்தில் பாடுவோரின் குரலுக்குக் கீழ்ச்சுருதியில் துணைநிற்க அது பயன்பட்டது. பின்னர்ப் படைகளின் வாத்தியக் குழுக்களிலும் இடம்பெற்றது.

அதன் வழித்தோன்றலாக 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசு நகரில் ஆபிக்ளைடு வந்தது. ஹலாரி என்ற பெயரால் அறியப்பட்ட ழான் இலேர் அஸ்தே 1821-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பாம்பு, சாவி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அப்பெயர் அமைந்தது. இதில் பாம்பின் நெளிவு மறைந்து, குழல் இரண்டாக மடிந்து நிமிர்ந்து நின்றது. ஜெர்மனியில் மெண்டல்சானும் பிரான்சில் பெர்லியோசும் தங்கள் இசைக்கோவைகளில் இதற்கு இடமளித்தார்கள். ஆயினும் துளைகளையும் சாவிகளையும் நம்பியிருந்த இந்தக் கருவிகளில் எல்லாச் சுரங்களும் ஒரே தரத்தில் ஒலிக்கவில்லை. சில கணீரென்று வரும். சில அடைத்த தொண்டைபோல் வரும்.

இந்தக் குறையைத் தீர்த்தது வால்வு என்னும் அமைப்பு. ஜெர்மனியில் ஹைன்ரிஹ் ஸ்டோல்செல், ஃப்ரீட்ரிஹ் ப்ளூமெல் ஆகிய இருவரும் 1818-இல் இதற்கான காப்புரிமையைக் கூட்டாகப் பெற்றனர். வால்வை அழுத்தினால் காற்று ஒரு கூடுதல் குழாய் வழியே சுற்றிச் செல்லும், குழலின் நீளம் நொடிப்பொழுதில் கூடும், சுரம் தாழும். இனிக் குழலில் துளையிடத் தேவையில்லை. துளைகளை விரல் எட்ட வேண்டும் என்ற கட்டுப்பாடு நீங்கியதால், குழலை எவ்வளவு நீளமாகவும் எவ்வளவு அகலமாகவும் செய்யலாம் என்றாயிற்று.

செய்தும் விட்டார்கள். 1835 செப்டம்பர் 12-ஆம் தேதி, பெர்லின் நகரில் படைவாத்தியத் தலைவரான வில்ஹெல்ம் வீப்ரெஹ்ட் என்பவரும் கருவி செய்வோரான யோஹான் காட்ஃப்ரீட் மோரிட்ஸ் என்பவரும் பாஸ் டியூபா என்ற ஐந்து வால்வுக் கருவிக்குப் பிரஷ்ய அரசின் காப்புரிமை பெற்றனர். டியூபா பிறந்த நாள் அதுதான். இதில் நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. டியூபா அரங்கத்தில் பிறக்கவில்லை, படையில் பிறந்தது. வெட்டவெளியில் நூற்றுக்கணக்கான வீரர்களின் காலடி ஓசைக்கு மேலே கேட்க வேண்டிய கீழ்ச்சுருதி அது. அதை ஊதுபவன் உட்கார்ந்து ஊதவில்லை, நடந்துகொண்டே ஊதினான். பாரமான குழல் ஒன்றை மைல்கணக்கில் சுமந்து நடப்பவனுடைய உடலை யாரேனும் எண்ணிப் பார்த்துத்தானே ஆக வேண்டும்?

எண்ணிப் பார்த்ததன் விளைவுகள் மூன்று. அமெரிக்காவில் டாட்வொர்த் குடும்பத்தினரின் வாத்தியக் குழு 1838-ஐ ஒட்டித் தோள்மேல் சாய்த்து வைக்கும் பித்தளைக் குழல்களை வழக்கத்துக்குக் கொண்டுவந்தது. ஊதுவாய் முன்னே, விரிந்த வாய் தோளுக்குப் பின்னே. எடையைத் தோள் தாங்கியது. ஒலி பின்னால் வரும் படையை நோக்கிச் சென்றது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் இத்தகைய குழல்கள் மிகுதியாகப் பயன்பட்டன. படைக்கு முன்னே செல்லும் வாத்தியக் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை. ஆனால் அதே குழு ஒரு பூங்காவில் மக்களைப் பார்த்து நின்று வாசித்தால், ஒலி மக்களுக்கு எதிர்ப்புறமாகப் போய்விடும்! தோளுக்கு வசதி செய்தவர்கள் செவிக்கு வசதி செய்ய மறந்தார்கள்.

இரண்டாவது வழி ஹெலிகான். 1840-களின் இறுதியில் வியன்னாவில் இக்னாஸ் ஸ்டோவாசர் என்பவர் அமைத்தது இது. நீண்ட குழலைப் பெரிய வளையமாக வளைத்துவிட்டார்கள். ஊதுபவன் அதற்குள் தலையையும் ஒரு கையையும் நுழைத்து, பூணூல் அணிவதுபோல் ஒரு தோளில் மாட்டிக்கொள்வான். பாரம் முழுவதும் தோளில் இறங்கிவிடுவதால் கைகள் ஓய்வாக இருக்கும். குதிரைமேல் செல்லும் வாத்தியக்காரனுக்கு, ஒரு கையில் கடிவாளமும் மறு கையில் வால்வுமாக இருக்க இது பெரிதும் உதவிற்று.

மூன்றாவது வழி உங்களுள் பலர் கண்ணாரக் கண்டதாகவே இருக்கும். பாண்டு வாத்திய ஊர்வலங்களில், ஒருவர் உடலைச் சுற்றி மலைப்பாம்புபோல் வளைந்து, தலைக்கு மேலே பெரிய தாமரைபோல் விரிந்து நிற்கும் குழல்தான் அது. அதற்கு சூசாபோன் என்று பெயர். ஜான் ஃபிலிப் சூசா 1880 முதல் 1892 வரை அமெரிக்கக் கடற்படை வீரர்களின் வாத்தியக் குழுவுக்குத் தலைமை வகித்தவர். பின்னர்த் தமக்கென ஒரு குழு அமைத்து உலகப் புகழ் பெற்றவர். ஹெலிகானின் ஒலி நேரே முன்னோக்கிப் பாய்வது அவருக்குப் பிடிக்கவில்லை. விரிந்த வாய் வானத்தை நோக்கி நின்றால், ஒலி குழு முழுவதன் மீதும் பரவும் என்று அவர் கருதினார். அவர் விருப்பத்தையொட்டி ஃபிலடெல்ஃபியாவில் ஜே. டபிள்யூ. பெப்பர் 1893-இல் முதல் சூசாபோனைச் செய்தார். 1898-இல் கான் தொழிலகத்தார் தங்கள் சூசாபோனைச் செய்தனர். வானத்தைப் பார்த்த அந்த முதல் அமைப்புக்கு மழைநீர் ஏந்தி என்று வேடிக்கைப் பெயர் ஏற்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் வாய் முன்னோக்கித் திரும்பிற்று. இதில் ஒரு விந்தை உண்டு. சூசாவின் சொந்தக் குழு வீதியில் அணிவகுத்துச் சென்றது மிகச் சில தடவைகளே. அரங்கத்தின் நாதத்துக்காக அவர் கேட்ட கருவி, தோளில் எளிதாக அமர்ந்தது என்ற ஒரே காரணத்தால், வீதிக்குரிய கருவியாகிவிட்டது. 1960-களில் பித்தளைக்குப் பதிலாகக் கண்ணாடி இழையால் சூசாபோன் செய்யத் தொடங்கியதும் தோளின் பாரத்தைக் குறைப்பதற்காகவே.

இதுவரை நான் கூறியது நடந்துகொண்டே ஊதுவோரின் கதை. இனி உட்கார்ந்து ஊதுவோரின் கதைக்கு வருகிறேன். சக்கரம் பொருத்திய உறைப்பை அவர்களுக்காகவே தோன்றியது.

அரங்கத்தில் டியூபாவை மடியில் வைத்து ஊதுகிறார்கள். ஊதும்போது பாரம் பெரிதாகத் தெரிவதில்லை. ஆகவே அரங்கத்து டியூபா தோளின் கட்டளைக்கு அஞ்சாமல் வளர்ந்தது, குழல் அகன்றது, வாய் விரிந்தது. பாரம் எங்கே போயிற்று? வீட்டுக்கும் அரங்கத்துக்கும் இடையிலுள்ள வழியில் போய்த் தங்கிற்று. இசை விமரிசகர் அரங்கத்தில் இருப்பதை மட்டும் எழுதுவார். வழியில் நடப்பதை எழுதுபவர் இல்லை. ஆகவேதான் இந்தப் பாரம் வரலாற்றில் பதிவாகவில்லை.

பழங்காலத்தில் பெருங்குழல்களை மரப்பெட்டியில் வைத்தார்கள். பலகையின்மேல் தோலோ துணியோ ஒட்டி, உள்ளே மெத்தென்று பட்டுத்துணி வைத்து, மூலைகளில் உலோகப் பூண் இட்ட பெட்டிகள் அவை. குழலுக்கு நல்ல காவல். ஆனால் பெட்டியின் எடை சில வேளைகளில் குழலின் எடைக்கு நிகராகிவிடும். காவலனையும் சேர்த்துச் சுமக்க வேண்டிய நிலை! ஆயினும் அக்காலத்தில் யாரும் பெரிதாக முறையிடவில்லை. காரணம் எளியது. அன்று பயணம் ரயிலிலும் கப்பலிலும் நடந்தது. சூசாவின் குழு 1910-ஆம் ஆண்டின் இறுதியில் புறப்பட்டு 1911-இல் உலகையே சுற்றி வந்தது. அத்தகைய பெருங்குழுக்களின் பெட்டிகளை ஏற்றவும் இறக்கவும் கூலியாட்கள் இருந்தார்கள். சுமை மறையவில்லை, ஓர் ஏழையின் தோளுக்கு மாறியிருந்தது, அவ்வளவே. கருவிகளின் வரலாற்றில் அந்தத் தோளுக்குப் பெயர் இல்லை.

நிலைமை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மாறியது. டியூபா பின்வரிசையிலிருந்து முன்னே வந்தது. இங்கிலாந்தின் பெரும் இசைப் புலவரான ரால்ஃப் வான் வில்லியம்ஸ், தம் முதுமையில், டியூபாவைத் தனி நாயகமாக வைத்து ஓர் இசைக்கோவை இயற்றினார். 1954-இல் லண்டன் சிம்பனிக் குழுவுடன் ஃபிலிப் கேட்டலினெட் அதை முதன்முதலில் வாசித்தார். மற்றக் கருவிகளுக்குக் கீழ்ச்சுருதி தாங்கி நின்ற குழல் தானே பாடத் தொடங்கியது. தனியே வாசிப்பவர் தனியே பயணம் செய்ய வேண்டும். அதே காலத்தில் விமானப் பயணம் பெருகிற்று; விமான நிலையங்கள் விரிந்து, நடக்க வேண்டிய தொலைவு நீண்டது. தம் சுமையைத் தாமே சுமப்பது பயணிகளின் வழக்கமாயிற்று. கூலியாளின் தோளிலிருந்த பெட்டி கலைஞனின் தோளுக்கே திரும்பி வந்தது.

அப்போது துணையாக வந்தது மெல்லிய உறைப்பை. அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் ஒரு நாள் கச்சேரி ஒப்பந்தத்தைக் கிக் என்று கொச்சையாகச் சொல்வார்கள். கச்சேரிக்கு எடுத்துப் போகும் பை ஆதலால், அந்த உறைக்குக் கிக் பேக் என்று பெயர் நிலைத்தது. நம் நாட்டில் தம்புராவுக்கும் மிருதங்கத்துக்கும் துணியுறை தைத்துப் போடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள், தத்துவம் அதேதான். ஆனால் பித்தளைக் குழலுக்கு வெறும் துணி போதாது. சிறிது இடித்தாலும் ஒடுக்கு விழும். இரண்டு செயற்கைப் பொருள்கள் இதற்கு வழிசெய்தன. 1935-இல் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் நைலானைக் கண்டார். 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் பாலியுரிதேனுக்கு அடிகோலினார். நைலான் கிழியாத வெளித்துணி ஆயிற்று. பாலியுரிதேன் நுரை இடிதாங்கும் மெத்தை ஆயிற்று. மரப்பெட்டியின் பாரம் நீங்கியது. தோளில் மாட்ட இரண்டு பட்டைகளும் வந்தன.

ஆனால் 15 கிலோ குழல் 15 கிலோ குழல்தான். அதை முதுகில் மாட்டிக்கொண்டு படியேறுபவன் முன்னே குனிந்துதான் நடக்க வேண்டும். குழலின் விரிந்த வாய் அவன் தலைக்கு மேலே நீண்டு நிலைப்படியில் இடிக்கும். அல்லது கீழே இறங்கி முழங்காலின் பின்புறத்தில் தட்டும். தினமும் பயிற்சிக்குச் செல்லும் மாணவனுக்கு இது ஒரு நாள் துன்பம் அன்று. என் இளமையில், எங்கள் ஊர்க் கல்யாண ஊர்வலம் ஒன்று முடிந்தபின், பாண்டுக்காரர்கள் கருவிகளை இறக்கி வைத்ததைப் பார்த்தது நினைவிருக்கிறது. கிளாரினெட்காரர் உடனே காப்பி குடிக்கச் சென்றார். பெருங்குழல் ஊதியவரோ திண்ணையில் அமர்ந்து, வெகுநேரம் தம் இடத் தோளைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார். அவர் ஊதிய சுருதி மற்ற அனைவரையும் தாங்கியது. அவரைத் தாங்க ஒன்றும் இருக்கவில்லை.

இனிச் சக்கரத்துக்கு வருவோம். சக்கரம் மனிதனுக்குத் தெரிந்து 5,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. தோற்பெட்டியும் புதிதன்று. ஆனால் பெட்டியின் அடியில் சக்கரம் பொருத்தி அதை வணிகப் பொருளாக்குவதில் ஒருவர் வெற்றி காண 1970 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மனிதன் நிலவில் கால் வைத்தது 1969-இல் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்! அமெரிக்காவில் பெட்டி செய்யும் தொழிலில் இருந்த பெர்னார்ட் சாடோ, இரண்டு கனத்த பெட்டிகளோடு விமான நிலையத்தில் தவித்துக்கொண்டிருந்தபோது, ஒரு தொழிலாளி கனமான இயந்திரத்தைச் சக்கரப் பலகையில் எளிதாகத் தள்ளிச் செல்வதைக் கண்டார். வீடு திரும்பியதும் தம் பெட்டியில் சக்கரங்களைப் பொருத்தி, ஒரு வாரைக் கட்டி இழுத்துப் பார்த்தார். 1972-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. கடைக்காரர்கள் முதலில் அதை வாங்க மறுத்தார்கள். பெட்டியைத் தூக்காமல் இழுத்துச் செல்வது ஆண்மைக்கு இழுக்கு என்ற எண்ணமே அதற்குக் காரணம் என்று சாடோ பிற்காலத்தில் கூறினார். பின்னர் 1987-இல், ராபர்ட் பிளாத் என்ற விமானி பெட்டியை நிமிர்த்தி, இரண்டு சக்கரமும் நீளும் கைப்பிடியும் அமைத்தார். விமானச் சிப்பந்திகள் அதை இழுத்துச் செல்வதைக் கண்ட பயணிகள் தமக்கும் வேண்டும் என்றனர். அதன்பின் உலகெங்கும் சக்கரப் பெட்டி பரவியது.

சக்கரத்தின் தரமும் இதற்கிடையே உயர்ந்திருந்தது. 1970-களின் தொடக்கத்தில் சறுக்குப் பலகைகளுக்குப் பாலியுரிதேன் சக்கரங்கள் வந்தன. அவை கடினமான பழைய சக்கரங்களைப்போல் கடகடக்காமல் சாலையைப் பற்றி ஓடின. மெத்தையான நுரை, உறுதியான துணி, ஓசையின்றி உருளும் சக்கரம், நீளும் கைப்பிடி ஆகியவை எல்லாம் வெவ்வேறு தேவைகளுக்காகப் பிறந்தவை. டியூபாக்காரரின் பையில் அவை ஒன்றுகூடின. டியூபாவுக்காக அவற்றுள் ஒன்றையும் எவரும் கண்டுபிடிக்கவில்லை. ஆயினும் டியூபாவே அவற்றால் மிகுந்த பயன் அடைந்தது.

இருப்பினும் குழலுறைக்குச் சக்கரம் வைப்பது துணிப்பெட்டிக்கு வைப்பதைப்போல் எளிதன்று. துணிப்பெட்டி சதுரமானது, எந்தப் பக்கமும் பாரம் ஒன்றே. டியூபாவோ ஒரு புறம் குறுகி, ஒரு புறம் அகன்றது. பாரம் வளைவுகளும் வால்வுகளும் உள்ள நடுப்பகுதியிலும் அடிப்பகுதியிலும் தங்கியிருக்கும். விரிந்த வாயின் தகடு மெல்லியது. அதன் விளிம்பில் பாரத்தை நிறுத்தினால் நெளிந்துவிடும். அடிவளைவின் பக்கம் சக்கரம் வைத்தால் பாரம் தரைக்கு நேரே இறங்கும்; ஆனால் மேலே உள்ள அகன்ற வாய் தலைக்கனமாகிப் பக்கவாட்டில் கவிழப் பார்க்கும். எனவே சக்கரங்களுக்கு இடையே நல்ல அகலம் வேண்டும். அச்சைத் தாங்கக் கெட்டியான அடிப்பலகை வேண்டும். அந்தப் பலகையில் குழல் நேரே படாமல் நுரை நடுவே நிற்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் அதிர்வு. டியூபாவின் குழாய்கள் ஒன்றோடொன்று பற்றவைப்பால் இணைந்தவை. கல்பாவிய தெருவில் நெடுந்தூரம் உருட்டினால், இடைவிடாத நடுக்கம் அந்தப் பற்றவைப்புகளைத் தளர்த்தக்கூடும். சமதளத்தில் உருட்டலாம்; மேடுபள்ளத்தில் தூக்கவேண்டும்; படிக்கட்டில் சக்கரத்தால் பயனில்லை. ஆகவே நல்ல உறைப்பையில் சக்கரமும் இருக்கும், தோள்பட்டையும் இருக்கும். தோளுக்கு முழு விடுதலை கிடைக்கவில்லை. ஆனால் அதன் வேலைநேரம் குறைந்தது.

பயன் எவ்வளவு என்று சிந்தியுங்கள். தோளில் தூக்கும்போது முழு எடையையும் உடலே ஏற்கிறது. உருட்டும்போது எடையைத் தரை ஏற்கிறது. கை தருவது முன்னே இழுக்கும் சிறு விசை மட்டுமே. சக்கரம் பாரத்தை அழிக்கவில்லை. ஒருவன் தோளிலிருந்து இன்னொருவன் தோளுக்கு மாற்றவும் இல்லை. பூமியின்மீதே இறக்கிவிட்டது. ரயில்காலத்துத் தீர்வுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இதனால் விளைந்த நன்மை இசைக்கருவிக் கடைக்காரரோடு நிற்பதன்று. மேலைநாட்டுப் பள்ளி வாத்தியக் குழுக்களில், பெரிய குழலைப் பெரிய உடலுள்ள பையனிடம் கொடுப்பது நெடுநாள் வழக்கம். அவனுக்கு அந்த நாதத்தில் விருப்பம் உண்டா என்பது இரண்டாவது கேள்வி. தூக்க முடியுமா என்பதே முதற் கேள்வி. சிறு உடலுள்ளவர்களும் பெண்களும் அந்த முதற் கேள்வியிலேயே பின்தங்கினார்கள். ஆனால் டியூபா ஊதுவதற்கு வேண்டியது தோள்வலிமையன்று. மூச்சின் ஒழுங்கும் உதட்டின் பயிற்சியும் செவியின் நுட்பமுமே. 2006-இல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த கரோல் ஜான்ஷ் என்ற இளம் பெண், ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவின் தலைமை டியூபாக் கலைஞர் பதவியைத் தேர்வில் வென்றார். அமெரிக்காவின் பெரும் இசைக்குழுக்களில் அந்தப் பதவியை ஏற்ற முதற்பெண் அவரே. அவர் வெற்றி அவர் மூச்சின் வெற்றி. பையின் வெற்றி அன்று. ஆனால் அவரைப்போன்ற திறமையுள்ள எத்தனை பேர், தேர்வறையின் வாயிலை அடைவதற்கு முன்பே, பெட்டியின் கைப்பிடியில் நின்றுபோயிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அரசும் இந்தச் சுமையைக் கண்ணெடுத்துப் பார்த்தது. அமெரிக்க நாட்டில் 2012-இல் இயற்றிய விமானப் போக்குவரத்துச் சட்டத்தில் இசைக்கருவிகளுக்கென ஒரு பிரிவு சேர்ந்தது. 2015-இல் அதற்குரிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. பெட்டியோடு சேர்த்து நீள அகல உயரங்களின் கூட்டுத்தொகை 150 அங்குலத்துக்கும், எடை 165 பவுண்டுக்கும் மேற்படாத கருவியை, விமானத்தின் இடவசதிக்கு உட்பட்டு, சரக்கறையில் ஏற்றிச் செல்ல வேண்டும் என்று அது கூறுகிறது. குழலோடு பெட்டியும் சேர்ந்ததுதான் கருவி என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டதாக நான் இதைக் கருதுகிறேன்.

மாணவ நண்பர்களே, இந்தக் கதையிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை இரண்டு உண்டு. ஒன்று, பெரிய கண்டுபிடிப்புகள் எல்லாம் பெரிய தோற்றத்தோடு வருவதில்லை. வால்வு வந்தது, பெருங்குழல் பிறந்தது, உலகம் வியந்தது. சக்கரம் அதன் உறையில் வந்து சேர்ந்தபோது எந்த அரசவையும் கூடவில்லை; எந்த மணியும் ஒலிக்கவில்லை. ஆயினும் நாள்தோறும் நோகும் ஒரு தோளுக்கு அது வால்வைவிடக் குறைந்த நன்மை செய்யவில்லை.

மற்றொன்று, எந்தக் கலையையும் எந்தத் தொழிலையும் ஆராயும்போது, இதில் சுமை யார் தோளில் இருக்கிறது என்று கேட்டுப் பழகுங்கள். கோயில் கோபுரத்தைப் பார்த்தால் கல் சுமந்தவரை நினையுங்கள். நூலைப் பார்த்தால் அச்சுக் கோத்தவரை நினையுங்கள். சுமப்பவரைக் காணாத கண்ணுக்கு அவர் சுமையைக் குறைக்கும் வழியும் தென்படாது. சக்கரம் 5,000 ஆண்டுகளாக நம் கண்முன்னே இருந்தும் பெட்டியின் அடியை அடைய இத்தனை காலம் ஆனதற்கு அறிவுக்குறை காரணமன்று. சுமப்பது சிலருடைய விதி என்றும், சுமக்காமல் உருட்டுவது இழுக்கு என்றும் எண்ணியதே காரணம். அந்த எண்ணம் மாறியபோது, சக்கரம் தானே வந்து பொருந்திக்கொண்டது.

உங்களுள் பொறியியல் பயில்பவர் இருப்பீர்கள். இசை பயில்பவர் இருப்பீர்கள். நம் நாட்டுக் கலைஞர்கள் பேருந்திலும் ரயிலிலும் தோளில் தொங்கவிட்டுச் செல்லும் தவிலையும் கடத்தையும் வீணையையும் ஒருமுறை இந்தக் கண்ணோடு பாருங்கள். அங்கே உங்கள் அறிவுக்கு வேலை காத்திருக்கிறது.